மணலிக்கு பைக்கில் போகப் போகிறவருக்கு: முன் பிரேக்கும் லாரி ஓரத்து இடைவெளியும்

வடசென்னையில் பெரம்பூரிலிருந்து மணலிக்கு வேலைக்குப் போய்வர முதன்முதலாக ஒரு 150 சிசி பைக் வாங்கியிருப்பதாகவும், புதிதாக ஓட்டுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் எவை என்றும், "முன் பிரேக்கைத் தொடவே தொடாதே, தூக்கி அடித்துவிடும்" என்று உங்கள் அப்பா சொல்வது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் தண்டையார்பேட்டைக்காரன். 21 ஆண்டுகளாக மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மூன்று ஷிப்டிலும் இரு சக்கர வண்டியில் போய்வருகிறேன். நான் பெரிய ஓட்டுநர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இரண்டு முறை விழுந்தவன், ஒரு முறை நூலிழையில் பிழைத்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் அப்பா சொல்வதை என் அப்பாவும் சொன்னார். டிரம் பிரேக் வைத்த பழைய வண்டிகளில், மணல் கிடக்கும் தெருவில், ஹேண்டில்பாரைத் திருப்பியபடியே முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்து விழுந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உண்டான அறிவுரை அது. அவர்களை விழவைத்தது பிடித்த விதமும் பிடித்த இடமும்தான்; பழி மட்டும் பிரேக்கின் தலையில் விழுந்துவிட்டது. உண்மையில் ஓடுகிற வண்டியை நிறுத்த முனையும்போது அதன் எடையில் பெரும்பகுதி முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி, தரையை அழுத்திப் பிடிக்கும் வலுவை இழக்கிறது. காய்ந்த சாலையில் அவசரமாக நிறுத்தும்போது வண்டியை அடக்கும் வலுவில் ஏறத்தாழ 70 விழுக்காடோ அதற்கு மேலோ முன் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர் தன் வண்டியின் பிரேக்கில் கால்வாசியை நம்பிச் சாலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வாயால் சொல்லி யாரையும் ஒப்புக்கொள்ளவைக்க முடியாது. என் அக்கா மகன் வண்டி வாங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவனை ஆளில்லாத ஒரு நீண்ட சிமென்ட் தளத்துக்கு அழைத்துப்போனேன். செங்கல் துண்டால் குறுக்கே ஒரு கோடு கிழித்தேன். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்து, முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னேன். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வால் இடப்பக்கம் வழுக்கி, கரிய தடம் ஒன்றை இழுத்தபடி நின்றான். கோட்டிலிருந்து 14 தப்படி. அடுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னபோது முகத்தில் பயம் தெரிந்தது, "மாமா, தூக்கி அடிச்சா?" என்றான். வண்டியை நேராக வைத்துக்கொண்டு லீவரை முதலில் மெல்ல அழுத்தி, முன் ஷாக் அப்சார்பர் அமுங்குவதை உணர்ந்த பிறகு இறுக்கு, ஒரேயடியாகப் பிடுங்காதே என்றேன். முதல் தடவை கைகூசிப் பாதிதான் பிடித்தான், 11 தப்படி. ஐந்தாவது தடவையில் 8 தப்படியில் நின்றான். அந்த 6 தப்படி வித்தியாசம் ஏறக்குறைய ஒரு காரின் நீளம் என்பதை அவனே நடந்து அளந்து தெரிந்துகொண்டான்.

இதில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. ஓட்டுநர் உரிமத்துக்கு நாம் எல்லோரும் எட்டுப் போட்டிருக்கிறோம். முதல் கியரில், காலைத் தரையில் ஊன்றாமல், பின் பிரேக்கை உரசவிட்டபடி அந்த எட்டைப் போட்டு முடித்தால் உரிமம் கைக்கு வந்துவிடுகிறது. ஓடுகிற வண்டியை அவசரமாக நிறுத்திக் காட்டு என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆகவே அதை நீங்களாகவே பழகிக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்துக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியிலும் அது இருக்கும். ஆனால் இந்த அளவு வண்டிகள் பலவற்றில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும், பின் சக்கரம் பழையபடியே பூட்டிக்கொள்ளும். மணலும் ஈரமும் கிடக்கும் இடத்தில் ஏபிஎஸ் உங்களை விழாமல் காக்கலாமே தவிர, காய்ந்த சாலையில் நிற்கும் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிடாது. வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்காதீர்கள் என்ற அளவில் மட்டும் அப்பாவின் எச்சரிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். ஆனால் நம் பகுதியில் ஒருவர் உயிரோடு வீடு திரும்புவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்கு முந்தைய ஒரு முடிவு, அதாவது வண்டியை எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்பது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும், மணலியிலிருந்து வெளியேறும் டேங்கர்களும் நம் சாலைகளை எப்படி அடைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அவற்றின் நடுவே ஒரு பைக் நுழையும் அளவுக்கு எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அதைக் கண்டதும் நம் கை தானாகவே முறுக்கிவிடும். நான் பார்த்த தவறுகளில் மிகக் கொடியது இதுதான்.

2008-ஆம் ஆண்டு ஒரு மழைக்காலக் காலையில் நானே அதைச் செய்தேன். சிக்னலில் 40 அடி கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று நின்றிருந்தது. அதன் சக்கரங்களுக்கும் இடப்பக்க நடைபாதைக் கல்லுக்கும் நடுவே நல்ல அகலமாகவே இடம் இருந்தது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அதற்குள் ஓட்டிப் பாதி தூரம் போயிருந்தேன், பச்சை விழுந்தது. லாரியின் தலைப்பகுதி சற்று வலப்பக்கமாக விலகியதைப் பார்த்து, எனக்கு வழிதான் விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் அது இடப்பக்கம் திரும்புவதற்காக அகலம் எடுத்துக்கொண்டிருந்தது. தலைப்பகுதி திரும்பியதும், ட்ரெய்லரின் பின் சக்கரங்கள் அது போன தடத்திலேயே வராமல் குறுக்கே வெட்டிக்கொண்டு நடைபாதையை நோக்கி வந்தன. நீண்ட வண்டி எதுவும் அப்படித்தான் திரும்பும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நின்ற இடம் ஒவ்வொரு நொடியும் சுருங்கியது. வண்டியைப் போட்டுவிட்டு நடைபாதையில் தாவினேன். ஃபுட்ரெஸ்டும் சைலென்சரும் நசுங்கிய ஓசை இன்றும் நினைவிருக்கிறது. டீக்கடையில் இருந்தவர்கள் கூச்சலிட்ட பிறகுதான் லாரி நின்றது. இறங்கி வந்த ஓட்டுநருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், கை நடுங்கிக்கொண்டிருந்தது. "கண்ணாடில நீ இல்லவே இல்லப்பா" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அந்த உயரத்திலிருந்து பார்க்கிறவருக்கு, இடப்பக்கக் கதவை ஒட்டியும் சக்கரங்களை ஒட்டியும் இருக்கும் பகுதி பெரும்பாலும் கண்ணாடியில் விழுவதில்லை.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இது. லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் எனக்குத் தெரியாவிட்டால், நான் அவருக்குத் தெரியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். நிற்கிற ட்ரெய்லரின் இடப்பக்கம் ஒருபோதும் நுழைவதில்லை. முந்துவதானால் வலப்பக்கம், எதிரே சாலை காலியாக இருக்கும்போது, ஒரே மூச்சில் முந்துவேன். அதன் பக்கவாட்டிலேயே சேர்ந்து ஓடுவது மிகவும் தவறு. எர்ணாவூர் மேம்பாலம் போன்ற ஏற்றங்களில் பாரம் ஏற்றிய லாரி நின்று கிளம்பும்போது சற்றே பின்னால் உருளும் என்பதால், அதன் பின்னால் நிற்கும்போது ஒரு கார் நிற்கும் அளவு இடம் விடுகிறேன். அந்த இடத்தில் இன்னொரு பைக் வந்து புகுந்துகொள்ளும், புகுந்துகொள்ளட்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் இரவில் ஓட்ட நேர்ந்தால் வேறொரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்றால் அந்த 17 மீட்டர் போய்விட்டது. அதற்குப் பிறகு நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் 24 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 40 மீட்டருக்குக் குறையாது. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்தியிருக்கும் ட்ரெய்லர் உங்கள் லோ பீமில் அதற்கு முன்பே தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. அதே கணக்கில் 40 கிலோமீட்டருக்கு 22 மீட்டர் போதும். நான் இரவில் அந்தச் சாலையில் 40-ஐத் தாண்டுவதில்லை என்று சொன்னால் உடன் வேலை செய்யும் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். வரிசையாக நிற்கும் லாரிகளை ஒட்டி ஓட்டவும் வேண்டாம். கிளீனர் எந்த இரண்டு லாரிக்கு நடுவிலிருந்து இறங்கி வருவார் என்று சொல்லவே முடியாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டோல்கேட்டுக்கு அப்பால் மெட்ரோ தூண்களுக்கு இடையிலும் ஆட்கள் இப்படித்தான் திடீரென்று முளைப்பார்கள்.

தரையைப் படிக்கவும் பழகிக்கொள்ள வேண்டும். கடலோரச் சாலையில் காற்றடித்த மறுநாள் ஓரமெல்லாம் மணல் படிந்திருக்கும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் வண்டிகள் திருப்பங்களில் ஐஸ் தண்ணீரைச் சிந்திவிட்டுப் போகும். அந்தத் தண்ணீரில் கொழுப்பு கலந்திருப்பதால் அது மழை ஈரத்தைவிட வழுக்கும். என்னுடைய முதல் வீழ்ச்சி அதில்தான். நீண்ட நாள் கழித்து மழை பிடிக்கும்போது, சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் புழுதியும் குழைந்து மேலே வரும் முதல் சில நிமிடங்கள் மிக மோசமானவை; ஒரு கடை ஓரம் ஒதுங்கி டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் நஷ்டம் ஒன்றுமில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போன்ற இடங்களில் தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும், இரும்பின் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கிவிடும். தேங்கிய நீரில் முன்னால் போகும் வண்டியின் தடத்திலேயே, தூரம் விட்டுப் போவதே நல்லது. திறந்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று அந்த வண்டியின் சக்கரம் சொல்லிவிடும்.

ஹெல்மெட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானதற்குப் பிறகு, போலீசுக்காகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொக்கியை மாட்டாமல் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கொக்கி மாட்டாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்பாகவே கழன்று ஓடிவிடும். ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே மாட்டிக் கொக்கியைப் போட்டு, பின்பக்க விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளிப் பார்த்து, கழன்று வந்தால் சிறிய அளவு கேளுங்கள். கறுப்புக் கண்ணாடி வைத்ததை வாங்காதீர்கள், உங்களுக்கு இரவு ஷிப்ட் இருக்கும். பக்கக் கண்ணாடிகளை அழகுக்காகக் கழற்றிவிடுகிற வழக்கத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

இரவு ஷிப்ட் என்றதும் கடைசியாக ஒன்று. காலை 6 மணிக்கு வேலை முடித்து வீட்டுக்கு ஓட்டுவதுதான் என் அனுபவத்தில் நாளின் மிக ஆபத்தான பயணம். தூக்கம் வருகிறது என்று தெரியாமலேயே ஓரிரு நொடிகள் கண் செருகிவிடும். என் இரண்டாவது வீழ்ச்சி அப்படி நேர்ந்தது. விழித்தபோது சாலை நடுவிலிருந்த தடுப்பு முழங்காலுக்கு அருகே இருந்தது. ஒரு தேநீரோ முகம் கழுவலோ அந்தத் தூக்கத்தை விரட்டாது. இப்போது நான் சீருடை மாற்றும் அறை பெஞ்சில் அலாரம் வைத்து 20 நிமிடம் தூங்கிவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன். அப்படியும் கண் எரிந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிடுவேன். வேலையில் சேரும் முன், ஒரு ஞாயிறு அதிகாலையில் பின்னால் யாரையும் ஏற்றாமல் மூலக்கடை, மாதவரம் வழியாக மணலி வரை ஒரு தடவை நிதானமாகப் போய்வாருங்கள். லாரிகள் எந்தத் திருப்பத்தில் இடப்பக்கம் ஒடிக்கின்றன என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை காலையில் எங்கே ஒதுங்கி நிற்பது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.