கார்த்திகை மழையில் காற்று வாங்குகிறாரா அப்பா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு வயது 74. புராஸ்டேட் புற்றுநோய்க்கு 5 வருடத்துக்கு முன் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து, நன்றாகத்தான் இருந்தார். இப்போது பிஎஸ்ஏ (புராஸ்டேட் நோயைக் கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) மறுபடி ஏறிவிட்டது. 3 மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. அவரிடம் 'சத்து ஊசி' என்று சொல்லிவைத்திருக்கிறோம். தங்கை கூட்டிப்போய் வருகிறாள், செலவு என்னுடையது. ஐப்பசியிலிருந்து வாசல் திண்ணையில்தான் படுக்கிறார், காற்று வேண்டுமாம். மற்றபடி தொந்தரவு இல்லை. உண்மையைச் சொன்னால் தாங்குவாரா?

பதில்: தம்பி, இப்படிக் கேட்டு வரும் கடிதங்களில் பெரும்பாலும் தாங்க முடியாதவர் கடிதம் எழுதியவர்தான். அது இருக்கட்டும், முதலில் அந்தத் திண்ணைக்கு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் அடைமழை. சாரல் சுவர் வரைக்கும் அடிக்கும். சம்பா வயலிலிருந்து கொசு கிளம்பி வரும். அங்கே போய் 74 வயது மனிதர் காற்றுக்காகவா படுப்பார்? இதை ஒரு வரியில் தாண்டிவிட்டு 'மற்றபடி தொந்தரவு இல்லை' என்று எப்படி எழுத வந்தது?

புராஸ்டேட் புற்று வளர ஆண் ஹார்மோன் வேண்டும். ஊசி அதை அடக்குகிறது. அதனால் மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு வருவது போலவே உடம்பு திடீரென்று தகிக்கும், பனியன் நனைய வியர்க்கும். அசதி, மனச்சோர்வு, சிலருக்கு மார்பு வீக்கம். சத்து ஊசி போட்டும் உடம்பு ஏன் இப்படிப் போகிறது என்று அவர் யாரைக் கேட்பார்? இன்னொன்றும் இருக்கலாம். ராத்திரி நாலு தடவை எழுந்து, கொல்லைக்குப் போவதற்குள் வேட்டி நனைந்துவிடலாம். மகளிடம் அதைச் சொல்ல வாய் வராது. மகனோ திருப்பூரில்.

செலவு எனக்கு, அலைச்சல் தங்கைக்கு என்று பாகம் பிரித்துவிட்டீர்கள். அப்பாவின் வேட்டியை அலச வேண்டியது மகன் என்பது என் கட்சி. பெண்பிள்ளை தலையில் கட்டிவிட்டுப் பணம் அனுப்புவதை நான் கடமை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறுங்கள். நோய் திரும்பியிருக்கிறது, ஊசி அதற்குத்தான், பல பேருக்கு இது வருடக்கணக்கில் நோயை அடக்கி வைக்கிறது என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். ஒருமுறை கரண்ட் வைத்துக்கொண்டவர். பிஎஸ்ஏவுக்கு ரத்தம் எடுக்கும்போதே பாதி புரிந்திருக்கும் அவருக்கு.

படுக்கையை உள்ளே, கழிவறைக்குப் பக்கத்தில் போடுங்கள். கட்டிலடியில் யூரின் பாட்டில், மெத்தைக்கு ரப்பர் ஷீட். தகிப்பையும் கசிவையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டுக்குமே வழி உண்டு. இந்த ஊசி எலும்பையும் மெலியவைக்கும். ஈரத் திண்ணையில் வழுக்கினால் இடுப்பு எலும்பு போய்விடும். அப்புறம், முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். நோய் முதுகெலும்புக்குப் போய்த் தண்டுவடத்தை அழுத்துவதாக இருக்கலாம். அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த ஊசி என்றைக்கு என்று தங்கையிடம் கேட்டு, இப்போதே லீவு சொல்லிவிடுங்கள்.