குடியிலிருந்து மீள ஒரு குழுவைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

நான் குடியை விட்டுப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் பெரும்பகுதி வாராந்தரக் கூட்டத்திற்கு நாற்காலி போடுவதிலும் புதியவர்களை வரவேற்பதிலும் கழிந்திருக்கிறது. நான் மருத்துவன் அல்லன். குழுவைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அருகில் குழு இருக்கிறதா என்று எப்படி அறிவது? விசாரித்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் இணையதளத்தில் கூட்டங்களின் பட்டியலும் தொலைபேசி எண்களும் இருக்கும். எதிர்முனையில் பேசுபவர் பெரும்பாலும் குடித்து மீண்ட ஒருவராகவே இருப்பார் என்பதால் நீங்கள் தயங்குவது அவருக்குப் புதிதாக இராது. முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதுமில்லை. மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் போதை மீட்பு மையங்களிலும் விசாரிக்கலாம். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் இடம் மாறியது தெரியாமல் பூட்டிய கதவின் முன் நின்றுவிட்டு, அங்கிருந்து நேரே மதுக்கடைக்குப் போனவர்களை நான் அறிவேன். திறந்த கூட்டத்திற்கு எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும் உரியது. தெரிந்தவர்களைச் சந்திக்க அஞ்சினால் சற்றுத் தொலைவிலுள்ள குழுவிற்கோ இணையவழிக் கூட்டத்திற்கோ போகலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், மீண்டும் சொல்லவும் செய்வேன். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் கடும் மனக்குழப்பம் தொடங்கலாம். அது உயிரையும் பறிக்கும்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு?

இல்லை. கூட்டத்தில் சுற்றிவரும் உண்டியலில் விரும்பிய உறுப்பினர்கள் போடுவதே வருமானம். புதியவர் போட வேண்டியதில்லை.

கேள்வி: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. எனக்கு அங்கே இடமுண்டா?

உண்டு. உறுப்பினராவதற்குக் குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அந்த அமைப்பின் மீட்பு வழியான பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருவது உண்மைதான். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற வரையறையும் உடன் வருகிறது, குழுவையே தம்மினும் பெரிய ஆற்றலாகக் கொள்வோரும் உண்டு. அதுவும் ஒவ்வவில்லையெனில் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி குழுக்களைத் தேடுங்கள். அங்கே சிந்தனையையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சிகளே அடிப்படை.

கேள்வி: ஒருமுறை போனேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இதனால் பயனுண்டா?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சீர்தூக்கியது. குடியை அறவே விடுவதில் பன்னிரண்டு படிகளைப் பின்பற்றும் குழுக்களும், அவற்றில் சேரத் தூண்டும் சிகிச்சையும், பிற சிகிச்சைகளுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தன. ஆனால் ஒரே ஒரு மாலையை வைத்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று குழுக்களுக்குச் சில முறையாவது போய்விட்டு, மனம் மிகவும் தளர்ந்த மாலையிலும் எளிதில் சென்றடையக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் கணவர் வர மறுக்கிறார். எப்படி அழைத்துச் செல்வது?

அம்மா, முதலில் நீங்கள் போங்கள். குடும்பத்தாருக்காகவே 1951இல் அல்-அனான் தொடங்கப்பட்டது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன் உண்டு. அவருக்குத் தெரியாமல் உணவில், குடித்தால் உடலை வாட்டும் டைசல்பிரம் மாத்திரையைக் கலக்கும் யோசனையை யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: மருத்துவர் நால்ட்ரெக்சோன் தந்திருக்கிறார். மாத்திரை விழுங்குகிறவன் உண்மையில் மீண்டவனல்லன் என்கிறார் எங்கள் குழுவின் மூத்தவர். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தாதீர்கள். எந்த உறுப்பினரும் மருத்துவர் வேடம் போடக் கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பே அச்சிட்டு வழங்கியிருக்கிறது. நால்ட்ரெக்சோன் போதை தருவதன்று. குடி தரும் இன்பத்தை மழுங்கச் செய்வது.

மறுப்பு: நான் இருபது ஆண்டுகளாக எந்த மாத்திரையுமின்றி இருக்கிறேன். அது வெறும் ஊன்றுகோல்.

ஐயா, கால் முறிந்தவனுக்கு ஊன்றுகோல் இழுக்கன்று. உங்கள் இருபது ஆண்டுகளை வணங்குகிறேன். ஆனால் உங்கள் உடலுக்குத் தேவைப்படாத ஒன்று இன்னொருவருக்கும் தேவைப்படாது என்பதற்கு அவை சான்றாகா.

மீண்டும் மறுப்பு: குடியை விட்டுத் தூக்க மாத்திரைக்கு அடிமையானவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நானும் பார்த்திருக்கிறேன், இதில் நீங்கள் சொல்வது சரி. சில மாத்திரைகள் பழக்கமாகிவிடும், எனவே குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. ஆனால் அதே வகை மாத்திரைகள்தாம் குடியை நிறுத்தும் முதல் நாட்களில், மேற்பார்வையுடன், வலிப்பைத் தடுக்கின்றன. எதை எப்போது நிறுத்துவது என்பதை எழுதித் தந்தவர் முடிவு செய்யட்டும். இந்த வாதத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

கேள்வி: சேருவதற்குப் பணம் கட்ட வேண்டுமா?

மேலே பார்க்கவும்.

கேள்வி: பதிவுக் கட்டணம் மட்டும் உண்டா?

எந்தப் பெயரிலும் கட்டணம் இல்லை.

கேள்வி: நேற்று முன்தினம் காலையிலிருந்து நானாகவே நிறுத்திவிட்டேன். கை நிற்காமல் நடுங்குகிறது, சுவரில் எறும்பு ஊர்வதுபோல் தெரிகிறது. இன்று மாலை எந்தக் குழுவிற்குப் போகலாம்?

தம்பி, இன்று குழு வேண்டாம். யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு இப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். தினமும் எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை ஒரு துளியும் குறைக்காமல் அங்கே சொல்லுங்கள்.