ஒருவர் மட்டும் பாடும் அறைக்கு எட்டு இன்புட் எதற்கு?

கேள்வி: வீட்டில் ஓர் அறையில் நானே பாடி, நானே வீணை வாசித்துப் பதிவு செய்கிறேன். பல ஆண்டுகளாக வைத்திருக்கும் இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒலியின் பெருக்கத்தைக் கூட்டும் கெயின் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருகிறது; விண்டோஸ் 11-க்கான டிரைவரும் அதற்கு வரவில்லை. பாட ஷூர் எஸ்எம்7பி மைக்கும், வீணையின் உடலில் ஒட்டும், பேட்டரி இல்லாத கான்டாக்ட் மைக்கும் வைத்திருக்கிறேன். எட்டு இன்புட்டும் 192 கிலோஹெர்ட்ஸும் உள்ள கருவியைக் கடைக்காரர் பரிந்துரைக்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கரகரப்பு மட்டுமே குறை என்றால் புதிதாக வாங்கவே சொல்லமாட்டேன். குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டரில் தூசி படிவதால்தான் பெரும்பாலும் அந்தச் சத்தம் எழுகிறது. பழுதுபார்ப்பவர் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்துச் சில முறை திருப்பிவிட்டால் அடங்கிவிடும். டிரைவர் நின்றுபோனதற்கு அப்படி மருந்து இல்லை. ஆகவே மாற்ற நினைப்பது நியாயமே.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. பெட்டியின் மேல் அச்சிடும் எண்களில் எளிதில் ஒப்பிடக்கூடியவை அந்த இரண்டும்தான். ஆனால் ஒரே நேரத்தில் ஒரு குரலையும் ஒரு வீணையையும் தவிர வேறெதையும் பதியாத உங்களுக்கு மீதி ஆறு இன்புட்டும் வெறும் செலவு. ஒலியை நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளந்து பதிகிறது என்பதே அந்த 192. 48 கிலோஹெர்ட்ஸிலேயே 24 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி பதிவாகிவிடுகிறது. மனிதக் காது 20-க்கு மேல் கேட்பதில்லை. 192-இல் பதிந்தால் கோப்பின் அளவு நான்கு மடங்காகும், கணினியும் திணறும்.

நீங்கள் பார்க்க வேண்டிய முதல் எண், மைக் இன்புட்டின் அதிகபட்ச கெயின். எஸ்எம்7பி மிகக் குறைந்த மின்னழுத்தத்தையே வெளியிடும் டைனமிக் மைக் என்பதால், அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே சொல்கிறது. வலுவான சிக்னல் தரும் கண்டென்சர் மைக் வைத்திருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸின் மூன்றாம் தலைமுறையில் கெயின் 56 டெசிபல்தான். 2023-இல் வந்த நான்காம் தலைமுறையில் அது 69 ஆயிற்று. அதே தலைமுறையின் விலை குறைந்த சோலோவிலோ 57-தான் என்பதால், தனியாகப் பாடுபவருக்குச் சோலோ போதும் என்று பெயரை வைத்து முடிவு செய்தால் குரல் மெலிந்தே பதிவாகும். வேறு நிறுவனங்களின் எஸ்எஸ்எல் 2-இல் 62, ஆடியன்ட் ஐடி14-இன் இரண்டாம் பதிப்பில் 58. பிடித்த கருவியில் கெயின் போதாவிட்டால், மைக் கேபிள் வழியே இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரமான ஃபேன்டம் பவரில் இயங்கி 25 டெசிபல் அளவுக்குக் கூட்டித்தரும் சிறு பூஸ்டர் ஒன்றை மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் பொருத்தலாம். ஆனால் அதற்கும் விலை உண்டு, அதையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வீணையின் கான்டாக்ட் மைக்கை மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட்டில் மாற்றுக் கேபிள் வழியாகச் செருகாதீர்கள். அது அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ வகை. பேட்டரி இல்லாத பீசோ மைக்குக்கு ஏறத்தாழ 1 மெகாஓம் இன்புட் இம்பிடன்ஸ் (இன்புட் காட்டும் மின்தடை) தேவை. சில கிலோஓம் மட்டுமே உள்ள மைக் இன்புட்டில் மந்திர ஸ்தாயியின் கனம் போய், தகரத்தைத் தட்டியது போன்ற ஒலியே மிஞ்சும். 'இன்ஸ்ட்' என்றோ 'ஹை-இசட்' என்றோ குறிக்கப்பட்ட கிட்டார் இன்புட்தான் அதற்கு உரியது. பாடிக்கொண்டே வாசிப்பதானால், ஒரு சேனல் மைக்கிலும் மற்றது ஹை-இசட்டிலுமாக இரண்டும் ஒரே வேளையில் இயங்குமா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள்.

அடுத்தது டிரைவர். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், யூஎஸ்பி ஆடியோ 2 வகைக் கருவிகள் தனி டிரைவர் இல்லாமலே ஒலிக்கும். பாட்டுக் கேட்க அது போதும், ஆனால் பதியும்போது தாமதம் குறைய நிறுவனமே எழுதிய, பதிவுக்கென்றே உள்ள ஆசியோ (ASIO) வகை டிரைவர் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒரு முறைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட், போகவர, ஒலியை எண்ணாக மாற்றும் நேரமும் சேர்ந்து பத்துக்குள் அடங்கினால் ஹெட்ஃபோனில் உங்கள் குரலைக் கேட்டபடியே நிம்மதியாகப் பாடலாம். ரிவெர்ப் (எதிரொலிச் சேர்க்கை) இல்லாமல் பாடப் பழகியவர் என்றால், குரலைக் கணினிக்குப் போய்வராமல் நேரே ஹெட்ஃபோனுக்குத் தரும் டைரக்ட் மானிட்டரிங் பொத்தானை அழுத்திவிட்டு இந்தக் கவலையையே விடலாம். நான் ஒரு நிறுவனத்தை எடைபோடுவது அதன் புதிய மாடலை வைத்து அல்ல. விற்பனை நிறுத்தப்பட்ட பழைய மாடல்களுக்கு இன்றைய விண்டோஸுக்கான டிரைவரை இன்னும் தருகிறதா என்பதை அதன் இணையதளத்தில் பார்த்துத்தான். உங்கள் பழைய கருவி நின்றுபோனது அந்த இடத்தில்தானே.

யூஎஸ்பி-சி செருகியைக் காட்டி வேகம் என்று சொன்னால் மயங்க வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இரண்டு சேனலுக்கு நொடிக்கு 2.3 மெகாபிட் போதும். பழைய யூஎஸ்பி 2.0-வின் கொள்ளளவே 480.

உங்கள் மைக்கை மாற்றப்போவதில்லை என்றால், நான்காம் தலைமுறை 2ஐ2-வையே நான் முதலில் கேட்டுப்பார்ப்பேன்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் யூஎஸ்பிக்குப் பதிலாகப் பழைய ஃபயர்வயர் செருகியில் இணையும் எட்டு இன்புட் இன்டர்ஃபேஸை மிக மலிவாகத் தருகிறார். என்னிடம் இருப்பது புதிய மேக்புக். அடாப்டர் போட்டுப் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஃபயர்வயர் ஆதரவையே ஆப்பிள் எடுத்துவிட்டது. அடாப்டர் பொருந்தினாலும் கருவி தெரியாது. பழைய மேக் ஒன்றை இணையத்தோடு சேர்க்காமல் பதிவுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் அந்த விலை லாபம்.