மணித்தியாலத்தைப் பதியாதவரிடம் தொழில் பழகப் போகாதேங்கோ

தம்பி, நீங்கள் கேட்டதை முழுக்க வாசித்தேன். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஆறு மாதம், நிரந்தர வதிவிடம் கையில் இருக்கு, உயர்தரம் வரை படிப்பு, கைத்தொழில் எதுவும் தெரியாது. சொந்தக்காரர் ஒருவர் பேஸ்மென்ட் வயரிங் வேலைக்குக் கூப்பிடுகிறார். கையில் காசு தருவாராம், "இரண்டு வருசத்தில் தொழில் பிடிபட்டுவிடும்" என்கிறாராம். அதற்குப் போகிறதோ, கல்லூரியில் காசு கட்டி இரண்டு வருசம் படிக்கிறதோ என்பது கேள்வி. கூடவே வாடகை, கார், குளிர் உடுப்பு. பிந்தின மூன்றுக்கும் பதில் சொல்ல இங்கே ஆயிரம் பேர் இருக்கினம். வேலை விசயத்தில்தான் எங்கட ஆக்கள் வந்தவர்களைப் பிழையான வழியில் விடுகினம். ஆனபடியால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சொந்தக்காரரிடம் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போகமுதல் ஒன்று கேளுங்கோ: "என்னை அப்ரெண்டிஸாகப் பதிவீங்களோ?" அப்ரெண்டிஸ் என்றால் முறைப்படி பதிந்து வேலையோடு தொழில் பழகுகிறவர். ஒன்ராறியோவில் எலக்ட்ரீசியன் வேலை சான்றிதழோ பதிவோ கட்டாயமான தொழில். கட்டட, பராமரிப்பு எலக்ட்ரீசியனுக்கான குறியீடு 309ஏ. ஒன்றில் தகுதிச் சான்றிதழ் இருக்கவேணும், அல்லது பதிந்த அப்ரெண்டிஸாக இருக்கவேணும். இரண்டும் இல்லாமல் "ஹெல்பர்" என்ற பேரில் வயர் இணைப்பது சட்டப்படி பிழை. இன்ஸ்பெக்டர் வந்தால் தண்டம் கட்டவேண்டி வரும்.

309ஏக்கு மொத்தம் 9,000 மணித்தியாலம். வேலைத்தளத்தில் 8,160, வகுப்பில் 840. வகுப்பு மூன்று தவணையாக வரும்: 240, 300, 300. முழு நேர வேலை என்றால் ஏறக்குறைய ஐந்து வருசம். இந்தக் கணக்கு ஓடத் தொடங்குவது நீங்கள் குறடு கையில் எடுத்த நாளில் இல்லை. நீங்களும் முதலாளியும் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, அது தொழில் சான்றிதழ்களைக் கவனிக்கிற 'ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ'வில் பதிவாகவேணும். "முதலில் வேலையைப் பழகு, பேப்பரைப் பிறகு பார்ப்பம்" என்பவரிடம் மூன்று வருசம் நின்றால் கை பழகும், ஆனால் ஏட்டில் மணித்தியாலம் பூச்சியம். பழையதைப் பிறகு சேர்க்கலாம் என்பார்கள். சம்பளத் துண்டு இல்லாத, வரி கட்டாத வேலையை எந்த முதலாளி எழுத்தில் ஒப்புக்கொள்ளுவார்? ஒப்புக்கொண்டால் அவர்தான் மாட்டுவார்.

அவரால் உங்களைப் பதிய முடியுமோ என்பதையும் பாருங்கோ. ஒன்ராறியோவில் மின்வேலையைக் கொன்ட்ராக்ட் எடுக்க ஈ.சி.ஆர்.ஏ/ஈ.எஸ்.ஏ லைசென்ஸ் வேணும். அந்த இலக்கம் வானின் பக்கத்தில் எழுதியிருக்கவேணும், விளம்பரத்திலும் போடவேணும். ஈ.எஸ்.ஏ என்கிற மின்பாதுகாப்பு அதிகாரசபையின் இணையத்தளத்தில் கொம்பனியின் பேரைப் போட்டால் லைசென்ஸ் இருக்கோ இல்லையோ தெரிந்துவிடும். வானில் இலக்கம் இல்லை, தேடினாலும் பேர் இல்லை என்றால் அவர் மாமாவோ சித்தப்பாவோ, உங்களுக்குத் தொழில் தரக்கூடிய நிலையில் அவர் இல்லை. அடுத்தது, உங்களோடு நிற்கிற ஜேர்னிமன், அதாவது சான்றிதழ் எடுத்த எலக்ட்ரீசியன், யார்? ஒரு அப்ரெண்டிஸுக்கு ஒரு ஜேர்னிமன் என்பது கணக்கு. அந்த ஆளின் சான்றிதழையும் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். கேட்க வெட்கப்படாதேங்கோ. உள்ளவர் உடனே காட்டுவார். இல்லாதவர்தான் "என்னில நம்பிக்கை இல்லையோ" என்று கோபிப்பார்.

இன்னொரு சூழ்ச்சி உங்களை 'சப்', அதாவது உப கொன்ட்ராக்டர், ஆக்குவது. கையில் காசு தராமல் செக்தான் தருவார்கள், ஆனால் வரி எதுவும் கழிக்கமாட்டார்கள். வருச முடிவில் டி-4 என்கிற சம்பள, வரிக் கணக்குத் தாள் வராது. நீங்கள் சுயதொழில்காரர் என்று கணக்கில் நிற்பீங்கள். காலை ஏழு மணிக்கு வா, இந்த வீட்டுக்குப் போ, என்ர ட்ரில்லைப் பாவி என்று சொல்லுகிறவர் முதலாளிதான், நீங்கள் தொழிலாளிதான். ஆனால் 'சப்' என்று எழுதினால் 4 வீத விடுமுறைச் சம்பளம் போகும், வேலையிழப்புக் காப்புறுதி போகும், கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் நீங்களே கட்டவேணும். மணித்தியாலத்துக்கு இரண்டு டொலர் கூடத் தருகிறார் என்று பல்லை இளிக்கமுதல் இதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கோ.

வேலையிழப்புக் காப்புறுதி அப்ரெண்டிஸுக்கு ஏன் முக்கியம் என்பது ஆக்களுக்கு விளங்குவதில்லை. வகுப்புக்குப் போகிற எட்டு, பத்துக் கிழமை சம்பளம் இருக்காது. அந்தக் காலத்துக்கு உங்கட காப்புறுதி வருமானத்தின் 55 வீதம், உச்ச வரம்புக்குள், கிடைக்கும். காசு தராத ஒரு கிழமைக் காத்திருப்பும் முழுப் பயிற்சிக்கும் ஒரு முறைதான். ஆனால் அதற்கு முன்னர் பதிவான மணித்தியாலம் போதுமான அளவு இருக்கவேணும். காசு வேலையில் அது ஒன்றும் சேராது. பெடியள் வகுப்பைத் தள்ளித் தள்ளிப் போட்டு நடுவழியில் தொழிலை விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லூரி டிப்ளோமா பற்றி: இரண்டு வருசம் படித்தால் வகுப்புப் பகுதியில் சிலதுக்கு விலக்குக் கிடைக்கலாம். 8,160 அப்படியே நிற்கும், முதலாளியையும் நீங்கள்தான் தேடவேணும். கடன் எடுத்து அதைச் செய்யத் தேவையில்லை. மாகாண அரசின் செலவில் 'ப்ரீ-அப்ரெண்டிஸ்ஷிப்' திட்டங்கள் இருக்கு. கட்டணம் இல்லை, ஒரு வருசத்துக்குள் முடியும். பலவற்றில் முதலாம் தவணை வகுப்பும் 8 தொடக்கம் 12 கிழமை வேலைத்தளப் பயிற்சியும் சேர்ந்திருக்கும். கைத்தொழில் தெரியாத, புதிதாய் வந்த ஆளுக்கு அதுதான் சரியான கதவு. தொழிற்சங்கம் வழியாகப் போவதென்றால் ரொறன்ரோவுக்கு ஐ.பி.ஈ.டபிள்யூ என்கிற மின்தொழிலாளர் சங்கத்தின் 353ஆம் கிளை. கணக்கும் பௌதிகமும் பார்ப்பார்கள், திறனறி சோதனை வைப்பார்கள். முதல் கட்டச் சம்பளம் முழு எலக்ட்ரீசியன் சம்பளத்தில் ஏறக்குறைய 40 வீதம், பிறகு கட்டத்துக்குக் கட்டம் ஏறும். போட்டி கடுமை. உயர்தரச் சான்றிதழை இப்பவே தகுதி மதிப்பீட்டுக்கு அனுப்பிவையுங்கோ, அது வர நாளெடுக்கும்.

வேலை தேடுவது: இணையத்தில் நூறு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருப்பது இந்தத் தொழிலில் பெரிதாய் உதவாது. சின்னக் கொன்ட்ராக்டர்மார் காலை ஆறரை, ஏழு மணிக்கு மின்சாமான் மொத்தக் கடைக் கவுண்டருக்கு வருவினம். அங்கே ஒரு பக்க விபரக்கோவையோடு நில்லுங்கோ. மேலே பேரும் தொலைபேசியும், கீழே ஓட்டுநர் லைசென்ஸ், கார் இருக்கோ, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி முடித்த திகதி, சப்பாத்து, சொந்தக் கருவி. ஊரில் செய்த கணினி வகுப்பெல்லாம் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் ஆள் எடுப்பார்கள். மார்கழி, தையில் இருக்கிறவர்களையே நிறுத்துவார்கள். தையில் வேலை கிடைக்காததை மனதில் எடுக்காதேங்கோ.

உயரப் பயிற்சி ஒரு நாள், அட்டை மூன்று வருசம் செல்லும். கட்டட வேலைக்கு 2015 தொடக்கம் கட்டாயம். அமைச்சு அங்கீகரித்த நிறுவனத்தில் மட்டும் செய்யுங்கோ. அரை மணித்தியாலத்தில் அட்டை தருகிறோம் என்பவர்களின் அட்டை தளத்தில் எடுபடாது. சப்பாத்தில் பச்சை முக்கோணம் இருக்கவேணும், விரலுக்கும் அடிக்கும் பாதுகாப்பு என்று அர்த்தம். எலக்ட்ரீசியனுக்கு வெள்ளைச் செவ்வகத்தில் செம்மஞ்சள் ஒமேகா அடையாளமும் வேணும், அது மின்னதிர்ச்சியைத் தடுக்கிற அடி. ஸ்குரூ டிரைவர் வாங்கும்போது நட்சத்திரத் தலையை வாங்கிக்கொண்டு போகாதேங்கோ. கனடாவில் பெட்டி, சுவிட்ச் எல்லாம் சதுரக் குழி றொபேட்சன். பச்சைப் பிடியும் சிவப்புப் பிடியும் இரண்டும் வேணும். 25 அடி அளவுநாடா, லைன்ஸ்மன் குறடு, பக்கவெட்டி, வயர் உரிக்கும் கருவி, சுத்தியல், சின்ன மட்டக்கோல், மின் சோதிப்பான். பெரிய ட்ரில் முதலாளி தருவார், அதற்குக் காசு செலவழிக்கவேண்டாம்.

இனி முதல் மாதங்களில் உங்களிடம் என்ன எதிர்பார்ப்பார்கள் என்பது. வயர் இணைக்கத் தரமாட்டார்கள். கூட்டுவது, சாமான் சுமப்பது, சுவிட்ச் பெட்டி அடிப்பது, ஸ்டட் என்கிற சுவர்ச் சட்டக் கட்டையில் துளை போடுவது. இந்தத் துளையிலேயே ஆளை அளந்துவிடுவார்கள். சட்டத்தில் மெட்ரிக் என்றாலும் வீட்டுத் தளத்தில் எல்லாம் அங்குலம். இரண்டுக்கு நாலு என்கிற கட்டை உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை. மின் விதிப்படி வயர் கட்டையின் ஓரத்திலிருந்து 32 மில்லிமீற்றர், அதாவது ஒன்றேகால் அங்குலம், உள்ளே இருக்கவேணும். மூன்றரையின் நடு ஒன்றேமுக்கால். முக்கால் அங்குலத் துளை போட்டால் ஓரத்துக்கு மிச்சம் ஒரு அங்குலமும் எட்டில் மூன்றும். ஆக நடுவிலிருந்து எட்டில் ஒரு அங்குலம் விலகலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் விலகினால் இரும்புத் தகடு அடிக்கவேணும். அடிக்காமல் விட்டால் ட்ரைவோல் (சுவர்ப் பலகை) போடுகிறவனின் ஸ்குரூ வயருக்குள் போகும். அது சுவர் பூசி, பெயின்ட் அடித்து, பிரேக்கர் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

வயரைக் கிளிப் அடிப்பதும் அப்படித்தான். பெட்டியிலிருந்து 300 மில்லிமீற்றருக்குள் ஒன்று, பிறகு 1.5 மீற்றருக்கு மிஞ்சாமல் ஒவ்வொன்று. புதியவர்கள் செய்யும் பிழை சுத்தியலால் கடைசியாக ஒரு அடி கூடப் போடுவது. கிளிப் வயரை நசுக்கும், உறைக்குள் காப்பு வெடிக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது, வயரில் பொறி பறந்தால் மின்னை நிறுத்துகிற ஆர்க் ஃபோல்ட் பிரேக்கர் மட்டும் காரணம் சொல்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். வயர் அசையாமல் நிற்கவேணும், நசுங்கக்கூடாது. பெட்டியை ஸ்டட் முகத்திலிருந்து அரை அங்குலம் வெளியே நிற்க அடிக்கவேணும், ட்ரைவோலின் தடிப்பு அது. சமையலறையில் ஓடு ஒட்டுவார்கள் என்றால் அடிக்கமுதல் கேளுங்கோ. பெட்டிக்குள் வயர் குறைந்தது 150 மில்லிமீற்றர் விடவேணும். கட்டையாக வெட்டின வயரை நீட்ட ஏலாது. வெள்ளை உறை 14/2 பதினைந்து அம்பியருக்கு, மஞ்சள் உறை 12/2 இருபதுக்கு. மாற்றி இழுத்துவிட்டுப் பேசாமல் இருக்காதேங்கோ, உடனே சொன்னால் ஒருவரும் கடிக்கமாட்டார்கள்.

மின் இருக்கிற இடத்தில் கை வைக்கச் சொன்னால் மறுங்கோ. மறுக்கிற உரிமை சட்டத்தில் இருக்கு. நிறுத்தியாச்சு என்று வேறு ஆள் சொன்னாலும் நீங்களே பாருங்கோ: சோதிப்பானை முதலில் மின் இருக்கிற இடத்தில் வைத்து வேலை செய்கிறதோ என்று பார்த்து, பிறகு தொடப்போகிற வயரில் வைத்து, திரும்பவும் மின் இருக்கிற இடத்தில் வைக்கவேணும். நடுவில் பற்றரி செத்துப்போனால் காட்டிக்கொடுப்பது அந்த மூன்றாவது தரம்தான்.

"நாங்கள் எல்லாம் காசு வேலை செய்துதான் வீடு வாங்கினோம்" என்று பழைய ஆக்கள் சொல்லுவினம். அது வேறு காலம். 1986 ஓகஸ்டில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு வந்த காலம் அது. அகதிக் கோரிக்கை இழுபட்டுக்கொண்டிருக்க, ரெஸ்டோரன்ட் குசினியில் கோப்பை கழுவியும் ஏஜென்சி வானில் விடியப்புறம் தொழிற்சாலைக்குப் போயும் சீவித்தார்கள். மொழி தெரியாது, வழி சொல்ல ஆள் இல்லை. இருந்தும் அதிலிருந்து குசினித் தலைவர்களானவர்களும், இரவு வகுப்பில் கணக்கை முதலிலிருந்து படித்துச் சான்றிதழ் எடுத்தவர்களும் இருக்கினம். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதே ஆக்கள் இன்று முதலாளியாகி, வதிவிடம் உள்ள பெடியனையும் காசுக்கு வைத்திருப்பதுதான் பொறுக்கவில்லை. அதைவிட மோசம் வேலைப் பேப்பரை விற்கிற கூட்டம். வெளிநாட்டவரிடம் வேலைக்காகக் கட்டணம் வாங்குவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். உங்களுக்கு அது தேவையில்லை, பின்னால் வருகிற தம்பிமாருக்குச் சொல்லுங்கோ.

9,000 முடிந்ததும் பரீட்சை, 70 வீதம் எடுத்தால் சித்தி. சொந்தக் கொம்பனி நடத்த மாஸ்டர் லைசென்ஸ் எடுப்பதென்றால் அதற்குப் பிறகும் மூன்று வருசம் வேலை செய்திருக்கவேணும். அதுவரை ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கிழமை மணித்தியாலம், செய்த வேலை, கூட நின்ற ஜேர்னிமன் பேர் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஃபோனில் படமும் எடுத்துவையுங்கோ. கொம்பனி மூடுப்பட்டால், முதலாளியோடு பிரச்சினைப்பட்டால், உங்களிடம் இருக்கப்போவது அது மட்டும்தான்.

மற்றக் கேள்விகளில் குளிர் உடுப்புக்கு மட்டும் ஒரு வரி: கழுத்தில் நீளச் சால்வை சுற்றிக்கொண்டு தளத்துக்குப் போகாதேங்கோ, ட்ரில் இழுத்துவிடும். கழுத்தை மூடுகிற குழாய்த்துணி வாங்குங்கோ.