டிராமா டிக்கெட் வாங்கறதுக்கு முன்னாடி ஹாலை விசாரிங்க

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல நாடகத்தைப் பத்திதான், எனக்கு ரொம்ப சந்தோஷம். சினிமா டிக்கெட் வாங்கறதுக்கும் மேடை நாடகத்துக்கு டிக்கெட் வாங்கறதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு, அதை யாரும் சொல்லித் தரதில்ல, காசு போனப்புறம்தான் தெரியுது. அதனால இந்த வாரம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி (மடிப்பாக்கம் வாசகி): கல்யாண நாளுக்கு அவரைக் கூட்டிட்டுப் போய் ஒரு நல்ல தமிழ் நாடகம் பாக்கணும்னு ஆசை. கடைசியா நாங்க சபாவுக்குப் போய் இருபது வருஷம் ஆச்சு. எங்க என்ன நடக்குதுன்னே தெரியல, ஆப்ல தேடினா ஸ்டாண்ட்-அப் காமெடியா வருது. முன் வரிசை டிக்கெட் விலை கூட இருந்தாலும் பரவால்ல, வாங்கலாமா?

பதில்: அம்மா, முதல்ல ஆப்பை மட்டும் நம்பாதீங்க. சபா நாடகம் எப்படி நடக்குதுன்னா, சபா தன்னோட மெம்பர்களுக்காக ஒரு குழுவைக் கூப்பிட்டு காசு குடுத்து நாடகம் போட வைக்குது, மெம்பர்கள் வருஷ சந்தா கட்டியிருப்பாங்க, அவங்களுக்கு சீட் போக மிச்சம்தான் கவுன்ட்டர்ல மத்தவங்களுக்கு. அதனால நிறைய நாடகம் ஆப்லயே வராது, வந்தாலும் கொஞ்சம் சீட்தான் அதுல விட்டிருப்பாங்க, ஆப்ல "முடிஞ்சிடுச்சு"ன்னு காட்டினாலும் ஹால்ல இடம் இருக்கலாம். மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டை, தி.நகர் பக்கம் போற வேலை இருந்தா நாரத கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், பாரதிய வித்யா பவன் வாசல்ல இருக்கிற போர்டை நின்னு படிங்க, அந்த மாசத்து புரோகிராம் ஒட்டியிருப்பாங்க. ஆபீஸ் நம்பர் வாங்கி போன் பண்ணி கேட்டாலும் சொல்லுவாங்க. பிடிச்ச குழு இருந்தா அவங்க வாட்ஸ்அப் லிஸ்ட்ல சேந்துக்கங்க, அடுத்த ஷோ எப்பன்னு அவங்களே அனுப்பிடுவாங்க. மார்கழில தேடறது மட்டும் வேணாம், அப்ப ஹால் எல்லாம் கச்சேரிக்குப் போயிடும். நாடகத்துக்கு நல்ல காலம்னா கோடைதான், கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் கோடை நாடக விழா நடத்துறாங்க, புது நாடகமா வரிசையா வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். என்ன நாடகம்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்த ஹால்னு கேளுங்க. நாரத கான சபால பெரிய ஹாலும் இருக்கு மினி ஹாலும் இருக்கு, வாணி மகால்லயும் அப்படித்தான், பெரிய ஹால் ஒண்ணு, ஓபுல் ரெட்டி ஹால் ஒண்ணு. நோட்டீஸ்ல சபா பேரு மட்டும் போட்டிருந்தா எதுன்னு கேட்டுடுங்க. ரெண்டு பேர் மூணு பேர் உக்காந்து பேசற குடும்ப நாடகத்தை மினி ஹால்ல பாத்தீங்கன்னா நடிக்கிறவங்க கண்ணு கலங்கறது தெரியும், அதே நாடகத்தை பெரிய ஹால்ல கடைசில உக்காந்து பாத்தா வெறும் குரல்தான். அடுத்து மைக். காலர் மைக்கா இல்ல மேலேர்ந்து தொங்கற மைக்கான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. தொங்கற மைக்னா நடிகர் மைக் பக்கம் வந்து பேசினாத்தான் கேக்கும், ஓரத்துல நின்னு சொன்ன வசனம் காத்துல போயிடும், ஜோக்குக்கு முன் வரிசை சிரிக்கும், பின் வரிசை என்னன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்.

முன் வரிசை வேணாம்மா. நான் ஒரு தடவை அப்பா அம்மாவைக் கூட்டிட்டு ஒரு சபாவுக்குப் போனப்ப இருக்கறதுலயே விலை கூடின டிக்கெட்டா வாங்கினேன், மேடை உயரம், நடிகர்களோட கால் தெரியல, பக்கத்துல ஸ்பீக்கர், அப்பா ரெண்டு மணி நேரமும் கழுத்தை நிமித்தியே உக்காந்திருந்தாரு, வீட்டுக்கு வந்து தைலம் தேய்ச்சுக்கிட்டுத்தான் படுத்தாரு, நாடகம் நல்லா இருந்துச்சுன்னு மட்டும்தான் எங்கிட்ட சொன்னாரு. எனக்கு அது இன்னும் மனசுல இருக்கு. அஞ்சாவது வரிசைலேர்ந்து பத்தாவது வரிசைக்குள்ள, நடுவுல, உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு சீட், அது போதும். நம்பர் போடாத சீட்டா இருந்தா அரை மணி நேரம் முன்னாடி போயிடுங்க, பெரும்பாலும் சாயங்காலம் ஆறே முக்கால் ஏழுக்கு ஆரம்பிச்சுடும், முதல் பத்து நிமிஷம் விட்டா யாரு யாருக்கு என்ன உறவுன்னே புரியாது.

எந்தக் குழுன்னு கேட்டா, இருபது வருஷம் கழிச்சுப் போறீங்க, பழகின கை வேணும். 1952ல ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் ஆரம்பிச்ச யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) குழு ஒய்.ஜி. மகேந்திரனோட இன்னிக்கும் மேடை ஏறுது. கிரேசி மோகன் 2019ல போயிட்டாரு, ஆனா அவர் எழுதின நாடகம் நோட்டீஸ்ல பாத்தீங்கன்னா கண்ணை மூடிட்டு வாங்குங்க, வீட்டுக்காரர் வாய் விட்டு சிரிப்பாரு. ஒண்ணு மட்டும், புது நாடகத்தோட முதல் ஷோன்னா வசனம் தடுக்கும், சீன் மாறும்போது இருட்டு நீளும், எனக்கு அந்தப் பதட்டம் பிடிக்கும், ஆனா கல்யாண நாளுக்குன்னா ஏழெட்டு ஷோ ஓடின நாடகமா பாத்து வாங்குங்க.

கேள்வி (வேளச்சேரி, ஐடி வேலை பாக்கற தம்பி): 500 ரூபா டிக்கெட்னு போட்டிருந்தான், மூணு டிக்கெட் எடுத்தேன், கடைசில பாத்தா வேற என்னென்னமோ சேத்து எகிறிடுச்சு. நன்கொடைன்னு வேற ஒரு சின்னத் தொகை. இதெல்லாம் கட்டியே ஆகணுமா?

பதில்: தம்பி, இதுல மூணு விஷயம் கலந்திருக்கு. டிக்கெட்டுக்கான ஜிஎஸ்டியை முதல்ல பாருங்க, நாடகம், நாட்டியம், சர்க்கஸ் இதுக்கெல்லாம் ஆளுக்கு 500 ரூபா வரைக்கும் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 500ஐ தாண்டினா முழு விலைக்கும் 18 சதவீதம், அதாவது 600 ரூபா டிக்கெட் 708 ஆயிடும். அதனால உங்க 500 ரூபா டிக்கெட் மேல ஜிஎஸ்டின்னு தனியா ஒரு வரி போட்டிருந்தா அது ஏன்னு எழுதிக் கேளுங்க. ரெண்டாவது கன்வீனியன்ஸ் ஃபீ, அது ஆப்காரங்க அவங்க வேலைக்கு வாங்கறது, அதுக்கு மேல 18 சதவீதம் வரி உண்டு, ஆப்ல எடுத்தா தப்பிக்க முடியாது, கவுன்ட்டர்ல போய் வாங்கினா இந்தக் காசு மிச்சம், மூணு பேருக்குன்னா ஆளுக்கு ஒரு காபி டிபனே வந்துடும்.

மூணாவதா அந்த நன்கொடை. நீங்க டிக் பண்ணாம தானா சேந்திருந்தா அது தப்பு, அதைத் தாராளமா எடுத்துடலாம். 2023 நவம்பர் 30ல மத்திய அரசு டார்க் பேட்டர்ன்னு 13 வகை ஏமாத்து வேலையை பட்டியல் போட்டு தடை பண்ணியிருக்கு, அதுல பில் போடற நேரத்துல நம்ம சம்மதம் இல்லாம நன்கொடை சேக்கறதும் ஒண்ணு, முதல்ல ஒரு விலையைக் காட்டிட்டு கடைசில இழுத்து இழுத்து கூட்டறதும் ஒண்ணு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க, சின்னத் தொகைக்குப் போயி இதெல்லாமான்னு விடாதீங்க. நன்கொடை குடுக்கணும்னு தோணிச்சுன்னா நாடகம் முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி போய் அந்தக் குழுகிட்டயே குடுங்க, செட்டு ஏத்தி இறக்கற வேன் வாடகைக்காவது ஆகும்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): குடும்பத்தோட கால் டாக்சி பிடிச்சுப் போனா வாசல்ல "நடிகருக்கு உடம்பு சரியில்ல, நாடகம் ரத்து"ன்னு எழுதி ஒட்டியிருக்கு. டிக்கெட் காசு தரோம்னாங்க, ரெண்டு மாசம் ஆச்சு, வரல.

பதில்: சார், நடிகருக்கு உடம்பு சரியில்லாம போறது யார் கையிலயும் இல்ல, அதுக்காக அவங்க மேல கோபப்பட வேணாம். காசைத் திருப்பித் தராம இருக்கறதுதான் தப்பு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுல ஒரு கெடு எழுதியிருந்தா அதுக்குள்ள, இல்லன்னா 30 நாளைக்குள்ள பணத்தைத் திருப்பித் தரணும், மறுத்தா அது முறையற்ற வணிகம். உங்களுக்கு ரெண்டு மாசம் ஆயிடுச்சு, நல்ல நிலைலதான் இருக்கீங்க. டிக்கெட், பணம் கட்டின மெசேஜ், வாசல்ல ஒட்டினதோட போட்டோ இருந்தா அதுவும், எல்லாத்தையும் சேத்து நடத்தினவங்களுக்கு ஒரு மெயில், ஆப்ல எடுத்திருந்தா அவங்களுக்கும் ஒரு மெயில், 15 நாள் கெடு போட்டு அனுப்புங்க. பெரும்பாலும் இதுலயே காசு வந்துடும். வரலன்னா 1915. அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது, வக்கீல் வேணும்னு அவசியம் இல்ல, நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டாகணும்.

டாக்சி காசு? கேட்டுப் பாக்கலாம், ஆனா முதல் மெயில்லயே அதைச் சேத்து சிக்கலாக்காதீங்க, டிக்கெட் காசை முதல்ல வாங்குங்க.

கேள்வி (திருமயம் பக்கம் ஒரு கிராமம், கோயில் திருவிழாக் குழுல இருக்கறவர்): பங்குனித் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போடணும்னு ஊர்ல முடிவு. போன வருஷம் ஒரு ஏஜென்ட்கிட்ட மொத்தமா காசு குடுத்தோம், சொன்ன ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம் கட்டறவர்) வரல, வேற யாரோ வந்தாரு, ஊரே எங்களைத் திட்டுச்சு. இந்தத் தடவை எப்படி புக் பண்றது?

பதில்: அண்ணே, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கங்க. மியூசிக்கல் மியூசிக்கல்னு இப்ப எல்லாரும் பேசறாங்க, சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) பாட்டும் வசனமும் தர்க்கமுமா எழுதி வச்சுட்டுப் போன இசை நாடகம் உங்க பக்கத்து ஊருல விடிய விடிய இன்னிக்கும் நடக்குது, அதைக் காசு குடுத்து கூப்பிடற ஊர்க்காரங்க நீங்க, நீங்க நல்லா புக் பண்ணினாத்தான் அது உயிரோட இருக்கும்.

திருவிழாவுக்கு இப்படிப் போடற ஸ்பெஷல் நாடகத்துல கம்பெனின்னு ஒண்ணு கிடையாது, உங்களுக்கே தெரியும். ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) ஒரு ஊரு, நாரதர், பபூன், டான்ஸ் எல்லாரும் தனித்தனியா தேதி குடுக்கறவங்க, ஆர்மோனியம், மிருதங்கம், பல தாள வாத்தியம் வாசிக்கற ஆல்ரவுண்ட் வரைக்கும் தனித்தனி ஆளு, எல்லாரும் அன்னிக்கு ராத்திரி மேடைலதான் ஒண்ணு சேருவாங்க. அதனால ஏஜென்ட்கிட்ட "ஒரு செட்டு"ன்னு மொத்தமா பேசினா யாரு வருவாங்கன்னு அவர் இஷ்டம். இந்தத் தடவை மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாதிரி ஊர்ல இருக்கிற நாடக நடிகர் சங்கத்துக்கு நேர்ல போங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தேதி கேட்டு, அவங்க டைரில எழுத வச்சு, கையில அட்வான்ஸ் குடுங்க. ஏஜென்ட் மூலமாத்தான்னா ஒரு பேப்பர்ல யாரு யாரு எந்த வேஷம், எத்தனை மணிக்கு வரணும், மிச்சக் காசு எப்ப, அந்த ஆளு வரலன்னா எவ்வளவு பிடிப்போம், எல்லாம் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. வாய் வார்த்தைதான் நம்ம பழக்கம், எனக்கும் அதுல மரியாதை உண்டு, ஆனா போன வருஷம் பட்டுட்டீங்க.

காசு எங்க கூடப் போடணும்னு கேட்டா, நான் ஆர்மோனியத்துல போடுவேன். நிறைய ஊர்ல ராஜபார்ட் ஸ்திரீபார்ட் பேரு பாத்து காசைக் கொட்டிட்டு பின்பாட்டும் பாடற ஆர்மோனியக்காரரை கடைசில யாரோ ஒருத்தரா பிடிக்கறாங்க. வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்றப்ப சுருதி விடாம எடுத்துக் குடுத்து, நடிகர் அடுத்த பாட்டுக்கு யோசிக்கற அந்த நேரத்தை நிரப்பறவர் அவர்தான், ராத்திரி ரெண்டு மணிக்கு ஊர் தூங்காம உக்காந்திருக்குன்னா அதுல பாதி அவர் வேலை.

சீன் செட்டிங்கும் மைக் செட்டும் தனி கான்ட்ராக்ட், அதையும் மறந்துடாதீங்க. போலீஸ் அனுமதியை எழுத்துல வாங்குங்க, ராத்திரி 10 மணிலேர்ந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கு, திருவிழா நாள்ல அரசு தளர்த்தினாலும் 12 மணி வரைக்கும்தான், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல கிடையாது. அதனால எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும், எத்தனை மணி வரைக்கும் மைக்னு ஸ்டேஷன்ல பேசிட்டு நடிகர்கள்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுங்க, நடு மேடைல நாடகத்தை நிறுத்தற அசிங்கம் அவங்களுக்கு வேணாம்.

மழை வந்து நின்னு போச்சுன்னா? அவங்க அந்தத் தேதிக்கு வேற ஊரை விட்டுட்டு வந்திருக்காங்க, காசு குடுத்துடுங்கண்ணே. பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும் ஓடி ஓடி சம்பாதிக்கறதை வச்சுத்தான் அவங்க வருஷம் முழுக்க ஓட்டணும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): பொண்ணு பிளஸ் டூ முடிச்சதுக்கு பரிசா மும்பைல வர்ற வெளிநாட்டு மியூசிக்கல் பாக்கணுங்கறா. அவ்வளவு காசு தகுமா?

பதில்: தகும்மா, பொண்ணே கேக்கறா, கூட்டிட்டுப் போங்க. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ல நீதா முகேஷ் அம்பானி கலாச்சார மையம் 2023 மார்ச்ல திறந்ததுலேர்ந்து அங்க பெரிய டூரிங் நாடகங்கள் வருது, பெரிய தியேட்டர்ல 2000 சீட். அவ்வளவு பெரிய இடத்துல ரொம்ப மலிவான கடைசி சீட்டும் வேணாம், ரொம்ப விலையான முன் சீட்டும் வேணாம், ஆட்டம் நிறைய இருக்கிற ஷோன்னா பால்கனியோட முதல் ரெண்டு வரிசைதான் என் ஓட்டு, மேடை முழுக்க கண்ணுல விழும். டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இசை லைவா, பதிவு பண்ணினதான்னு விசாரிங்க, டூரிங் ஷோல ரெண்டும் உண்டு, பதிவுன்னா நான் அவ்வளவு காசு தர மாட்டேன். வார நாள் ஷோவுக்கும் சனி ஞாயிறுக்கும் விலை வித்தியாசம் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ரயிலோ பிளைட்டோ போடுங்க, முதல்ல டிக்கெட், அப்புறம்தான் பயணம்.

கேள்வி (எழும்பூர் பக்கம் ஹாஸ்டல்ல இருக்கற மாணவர்): கையில காசு கம்மி, ஆனா நல்ல நாடகம் பாக்கணும். வழி உண்டா?

பதில்: நிறைய இருக்கு தம்பி. உங்களுக்குப் பக்கத்துலயே மியூசியம் தியேட்டர், 1896லேர்ந்து நிக்கற கட்டடம், மேடை கீழ, சீட் படிப்படியா மேல ஏறும், அதனால அங்க விலை கம்மியான பின் சீட்டுலயும் தலை மறைக்காது, 1955லேர்ந்து ஆங்கில நாடகம் போடற மெட்ராஸ் பிளேயர்ஸ் மாதிரி குழுக்களோட நாடகம் வந்தா பாருங்க. காலேஜ் ரோட்ல அலியான்ஸ் ஃபிரான்சேஸ்ல சின்னக் குழுக்கள் அடிக்கடி போடுவாங்க. 1977ல ந. முத்துசாமி ஆரம்பிச்ச கூத்துப்பட்டறை நாடகக் குழுவோட நிகழ்ச்சி எங்க நடந்தாலும் விடாதீங்க. மாணவர் சலுகை போட்டிருக்காதுன்னாலும் காலேஜ் கார்டை காட்டி கேளுங்க, சின்னக் குழுவா இருந்தா வாலன்டியரா வரேன்னு சொல்லுங்க, வாசல்ல டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு உள்ள போய் நின்னு பாக்கலாம், நான் காலேஜ் படிக்கறப்ப பார்த்த நாடகத்துல பாதி அப்படிப் பார்த்ததுதான். போறப்ப போனை சைலன்ட்ல இல்ல, முழுசா ஆஃப் பண்ணிடுங்க.