ஆர்ச்சர்ஸ் கோப்பையில் பழுப்புக் கோடுகள்

பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்' வானொலி நாடக நினைவுக் கோப்பையில் முடி போலப் பழுப்புக் கோடுகள், ப்ளீச் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊற்றாதீர்கள்! மேற்பூச்சின் வெடிப்பில் தேநீர் இறங்கியிருக்கிறது. ப்ளீச் உள்ளே தங்கினால் பூச்சே உரியும்.

முதலில், கோப்பையில் உள்ள ஆம்பிரிட்ஜ் (நாடகம் நடக்கும் கற்பனைக் கிராமம்) படத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லத் தடவுங்கள். தடிப்பாக நெருடினால் படம் பூச்சுக்கு மேலே இருக்கிறது, கோப்பையை எதிலும் ஊறவைக்காதீர்கள். மருந்துக்கடை 3% ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் நனைத்துக் கோடுகளின்மேல் மட்டும் வையுங்கள். பொறுமை வேண்டும், எனக்கு மூன்று நாள் ஆனது.

அப்புறம், அடியில் உள்ள 1951, நாடகம் நாடு முழுக்க ஒலிபரப்பாகத் தொடங்கிய ஆண்டு. கோப்பையின் வயது என்று நம்பிவிடாதீர்கள். கூடவே 'டிஷ்வாஷர் சேஃப்' என்றும் இருந்தால் அது நிச்சயம் பின்னாளையது.