கோர்பி: பெயரின் பொருளும் வழக்கும்

அன்புள்ள தம்பி,

இங்கிலாந்தின் கெட்டரிங்கில் வேலை கிடைத்திருப்பதாகவும், வீடு பக்கத்து ஊரான கோர்பியில் அமைந்திருப்பதாகவும் எழுதி, அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் என்ன, அதை எப்படி உச்சரிப்பது, முகவரியில் எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். 2004 முதல் இங்கே குடியிருப்பவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

பெயர் மிகப் பழையது. 9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இப்பகுதியில் குடியேறிய டேனியர்களின் மொழியில் 'பி' என்பது பண்ணையை ஒட்டிய குடியிருப்பைக் குறிக்கும். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகிய பெயர்களின் இறுதியில் நிற்பதும் அதுவே. நம் ஊர்ப் பெயர்களில் 'பட்டி' வருவதைப் போன்றது என்று கொள்ளலாம். கோரி என்ற ஒருவனின் குடியிருப்பு என்பதே கோர்பிக்கு அறிஞர்கள் தரும் விளக்கம். இங்கிலாந்து மன்னர் எடுத்த நிலக் கணக்கான 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இவ்வூர் இடம்பெற்றுவிட்டது. ஸ்காட்லாந்து வழக்கில் அண்டங்காக்கையைக் குறிக்கும் சொல்லும் ஏறத்தாழ இதே ஒலியுடையது. ஆனால் ஊர்ப் பெயர் அதிலிருந்து வந்ததன்று. விடுதி அறைகளில் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் வைக்கும் கருவியின் மேல் இப்பெயரைக் கண்டால், அது வின்ட்சரில் இருந்த ஒரு நிறுவனத்தின் பெயர் என்று அறிக.

உச்சரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஊரின் வரலாறே அதில் அடங்கியிருக்கிறது. தென்னிங்கிலாந்து வழக்கில் நடுவிலுள்ள 'ர்' ஒலிக்காது; 'கோ' நீண்டு 'கோபி' என்றே நம் காதில் விழும். ஆனால் உங்கள் தெருவிலுள்ள முதியவர் ஒருவர் அந்த 'ர்' ஒலியைத் தெளிவாக உருட்டிச் சொல்லக் கேட்டால் வியப்படைய வேண்டாம். 1930களில் கிளாஸ்கோவில் வலுவாக இயங்கிவந்த ஸ்டூவர்ட்ஸ் அண்ட் லாய்ட்ஸ் நிறுவனம், இங்குள்ள இரும்புத்தாதுவை நம்பிப் பெரிய உருக்காலையை எழுப்பியபோது, அந்நிறுவனத்தின் ஆலைகளில் வேலை பார்த்த ஸ்காட்லாந்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தெற்கே வந்தன. சில நூறு வீடுகளே இருந்த சிற்றூர், 1950இல் அரசு அறிவித்த புதுநகரமாயிற்று. 'குட்டி ஸ்காட்லாந்து' என்ற பட்டப்பெயரும் அப்படித்தான் வந்தது. ஊரார் தாமே சொல்லும்போது அதில் பெருமிதம் இருக்கும். ஆனால் வெளியாள் சொல்லும்போது சில வேளை அதில் ஏளனம் கலந்திருப்பதை நான் கேட்டிருக்கிறேன். ஆகவே புதிதாக வந்த நீங்கள் அதை முந்திக்கொண்டு சொல்லாதிருப்பது நல்லது.

உருக்கு உற்பத்தி 1980இல் நின்றது. குழாய் ஆலை மட்டும் தொடர்ந்தது. வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கானோர். அதன் பிறகு செய்தித்தாள்களில் 'கோர்பி' என்ற சொல் வேலையின்மைக்கு மறுபெயராகவே சில காலம் நின்றது. ஆலை நிலத்தின் நச்சுக் கழிவுகளை அகற்றிச் சீரமைத்ததில் நகரமன்றம் கவனக்குறைவாக நடந்துகொண்டதென்று, உடற்குறையோடு பிறந்த குழந்தைகளின் வழக்கில் 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படித்தவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் அவ்வழக்கே நினைவுக்கு வரக்கூடும். அந்தத் தாய்மார்களில் பலர் இங்கேயே வாழ்கிறார்கள் என்பதால், அதைப் பேச்சுவாக்கில் எடுக்காதீர்கள். கால்பந்துக் கழகத்துக்கு மட்டும் 'ஸ்டீல்மென்' (உருக்குத் தொழிலாளர்) என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. அதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம்.

முகவரியில் 'கோர்பி' என்று எழுதி, அதன்கீழ் என்.என்.17 அல்லது என்.என்.18 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டை இடுங்கள். என்.என். என்பது நார்தாம்ப்டனைக் குறிப்பது. கோர்பிக்கெனத் தனியாக இருந்த நகரமன்றம் 2021இல் கலைக்கப்பட்டதால், வீட்டுவரிச் சீட்டு 'வடக்கு நார்தாம்ப்டன்ஷயர்' என்ற பெயரில் வரும். அது வேறு ஊருக்கு உரியதென்று எண்ணித் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். தொலைபேசிக் குறியீடான 01536 கெட்டரிங்குக்கும் பொதுவானது.

நான் வந்த காலத்தில் இங்கே ரயில் நிலையமே கிடையாது. கெட்டரிங்கில் இறங்கிப் பேருந்து பிடிப்போம். 2009இல் புதிய நிலையம் திறந்த பிறகுதான், லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ரயில் சென்றடையும் ஊராக 'கோர்பி' என்ற பெயரைப் பார்த்தேன். நீங்கள் வரும் நாளில் அந்தப் பெயர் போட்ட ரயிலிலேயே ஏறுங்கள். இடையில் மாற வேண்டியதில்லை.